சாட்லரின் பின்னால் நாலு நாள்

ஜூன் 3
ஸ்காட்லாந்து மதச் சீர்திருத்த வரலாற்றை மறுபடி எடுத்தேன். ரால்ஃப் சாட்லர் என்ற இங்கிலாந்துத் தூதரைத் தாண்ட முடியவில்லை. 1543-இல் எட்டாம் ஹென்றி தன் மகன் எட்வர்டுக்குப் பெண் கேட்க இவரை அனுப்புகிறார். பெண், ஸ்காட்லாந்து ராணி மேரி. வயது நாலு மாதம்கூட ஆகவில்லை. குழந்தை நோஞ்சான் என்று பேச்சு இருந்ததால், தாய் மேரி ஆஃப் கீஸ் துணியை அவிழ்த்துக் காட்டச் சொல்கிறார். அருமையான குழந்தை என்று சாட்லர் எழுதி அனுப்புகிறார். பெண் பார்க்கும் படலம்தான்! ஜூலையில் கிரீனிச்சில் ஒப்பந்தம். டிசம்பரில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதைத் தள்ளியது. அடுத்த மே மாதம் ஹென்றியின் படை எடின்பரோவைக் கொளுத்தியது. சம்பந்தம் பேசிய லட்சணம்.

ஜூன் 4
1559. அதே சாட்லர், எல்லை நகரமான பெரிக்கில். எல்லைத் தகராறு தீர்க்க வந்தவர் என்று வெளியே பேச்சு. கையில் இருந்ததோ இங்கிலாந்து ராணி எலிசபெத் ரகசியமாகத் தந்த 3,000 பவுன். எல்லாம், பிரெஞ்சுப் படையை வைத்துக்கொண்டு மகளுக்குப் பதிலாக ஸ்காட்லாந்தை ஆண்ட கீஸுக்கு எதிராகக் கிளம்பிய புராட்டஸ்டண்ட் பிரபுக்களுக்கு. அதில் ஒரு பகுதியை அக்டோபர் 31 அன்று ஆர்மிஸ்டன் பிரபு எடுத்துப் போகும்போது, வழிமறித்துப் பிடுங்கிக்கொண்டார் பாத்வெல் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துப் பிரபு. வேடிக்கை, பாத்வெலும் புராட்டஸ்டண்ட்தான்! விசுவாசம் மட்டும் கீஸிடம். சில நாளில் பிரபுக்கள் எடின்பரோவை விட்டே வெளியேறினார்கள். படைக்குக் கூலி கொடுக்கக் காசில்லை.

ஜூன் 6
நேற்று எதுவும் படிக்கவில்லை, மின்சாரம் இல்லை.
1560 பிப்ரவரி 27, பெரிக் ஒப்பந்தம். எலிசபெத் பகிரங்கமாகவே துணைக்கு வருகிறார். மதத்துக்காக மூண்ட சண்டை, ஆனால் ஒப்பந்தத்தில் மதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஸ்காட்லாந்தின் பழைய உரிமைகளைக் காப்பது, அவ்வளவுதான். பட்டத்து ராணியை எதிர்க்கும் குடிகளுக்கு உதவினால் நாளை தன் குடிகளும் கிளம்புவார்களே என்ற பயம் எலிசபெத்துக்கு. பெண்கள் ஆளக்கூடாதென்று எழுதிய புராட்டஸ்டண்ட் போதகர் ஜான் நாக்ஸ் வேறு பிரபுக்கள் பக்கம்; நாக்ஸ் பெயரைக் கேட்டாலே எலிசபெத்துக்கு ஆகாது.

ஜூன் 7
எடின்பரோவின் துறைமுகமான லீத்தில் பிரெஞ்சுப் படை; அதை ஆங்கிலேயரும் பிரபுக்களும் முற்றுகையிட்டார்கள். மே 7 தாக்குதலில் ஏணிகள் மதில் உயரத்துக்கு எட்டவில்லை. முடிவை அந்தத் தோல்வி தீர்மானிக்கவில்லை. ஜூன் 11-இல் கீஸ் இறந்தார். ஜூலை 6-இல் எடின்பரோ ஒப்பந்தம், பிரெஞ்சுப் படை வெளியேற்றம். ஆகஸ்டில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போப்பின் அதிகாரத்தை ஒழித்தது. மேரி மட்டும் அந்த ஒப்பந்தத்தைக் கடைசிவரை ஏற்கவே இல்லை.

அப்புறம் 1584-இல், இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்த மேரிக்குக் காவலராக யாரைப் போட்டார்கள் தெரியுமா? எழுபதைத் தாண்டிய சாட்லரை. டட்பரி கோட்டையிலிருந்து மேரியை வல்லூறு வேட்டைக்கு வெளியே கூட்டிப்போய், எலிசபெத்திடம் கிழவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.