அடியில் கிடக்கும் பனி

டிசம்பர் 11

இன்றும் வெயில். சுவிஸ் மலையூரான இந்த டாவோஸின் தெருவில் கண்ட ஆட்களெல்லாம் என்ன வடிவான நாள் என்கிறார்கள். எனக்கு இந்த வானத்தைப் பார்க்க வயிற்றைக் கலக்குகிறது. நவம்பரில் விழுந்த பனி முழங்காலுக்கும் வராது. அதற்கு மேலே ஒன்றும் விழவில்லை. இரவில் மைனஸ் 18.

நிலம் எப்படியும் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் நிற்கும். மேலே மைனஸ் 18, அடியில் பூச்சியம், இடையில் முப்பது சென்ரிமீற்றர் பனி. பனிச்சரிவுக் கேடு தொடங்குவது அந்த வித்தியாசத்தில்தான். அடியிலிருந்து நீராவி மேலே ஏறும். ஏறுகிற வழியில் மேல் மணிகளில் படிந்து உறையும். கொஞ்ச நாளில் ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய மணிகள்தான் மிஞ்சும். பனி தடிப்பாக இருந்தால் இது மெல்ல நடக்கும். இப்படி மெல்லிசாக இருந்தால் ஒரு கிழமை, இரண்டு கிழமை காணும். தெற்குப் பக்கத்தில் வெயில் உருக்கிவிடும், பரவாயில்லை. வடக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்து பழுதாகும்.

இனி இதற்கு மேலேதான் எல்லாம் விழப்போகிறது.

டிசம்பர் 13

மச்சாளுக்கு, தம்பியின் மனைவிக்கு, ஸ்கான். எல்லாம் நல்லாய் இருக்கிறதாம். பிள்ளை பிறக்கிற நாள் மார்ச் 29.

டிசம்பர் 20

டிஷ்மாப் பள்ளத்தாக்குக்குள் போனேன். வடக்குப் பார்த்த ஒரு சின்னச் சரிவில், நிலம் தெரியும்வரை கிண்டினேன். மேலே மெல்லிய ஓடு ஒன்று. அதற்குக் கீழே சவளை வைத்ததுதான் தாமதம், சீனிச் சாக்கில் ஓட்டை விழுந்தது போலச் சரசரவென்று கொட்டியது. ஒரு பிடி எடுத்து அமத்திப் பார்த்தேன். உருண்டையாக வரவில்லை. விரலிடுக்கால் ஓடிவிட்டது.

கறுப்புத் தட்டில் கொஞ்சம் தூவி, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்னக் கிண்ணங்கள். உட்சுவரில் படிப்படியாக வரிகள். மூன்று, நான்கு மில்லிமீற்றர் வரும். வடிவென்றால் அப்படியொரு வடிவு. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாலும் விளிம்பு மெல்ல உருகத் தொடங்கிவிட்டது.

படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். பெருவிரல் ஒன்று வந்தது.

டிசம்பர் 23

கொட்டுகிறது. வடமேல் காற்று.

டிசம்பர் 24

பனிச்சரிவு ஆபத்து ஐந்தில் நிலை 4. சிவப்பு. வேலைத்தலத்தில் சோடித்த மரத்தடியில் நின்று ரெலிபோனில் பனிச்சரிவு எச்சரிக்கைப் புல்லட்டினைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிவப்பு நாளில் எனக்குப் பயமில்லை. சிவப்பில் தம்பி மலைக்கு ஸ்கி ஓடப் போகமாட்டான், ஒருவரும் போகமாட்டார்கள்.

டிசம்பர் 27

செம்மஞ்சளுக்கு இறங்கிவிட்டது. நிலை 3. இந்த நாட்டில் பனிச்சரிவில் செத்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் செத்தது இந்த நிலையில்தான். ஐந்தில் மூன்று என்று கேட்டால் நடுவிலே இருப்பதாக ஒரு எண்ணம் வரும். புயல் போய், வெயில் எறித்து, புதுப்பனி மினுங்குகிற நாள்கள் எல்லாம் இந்த 3 இலேதான் வரும். யாரை வீட்டில் இருத்தி வைக்கலாம்?

தம்பி பின்னேரம் எடுத்தான்.

"அக்கா, சென்டிஷ் ஹோர்ன் மலையிலை ஸ்கித் தடம் கிடக்குதாம். பத்துப் பேர் போயிருக்கினம், ஒண்டும் நடக்கேல்லை."

பத்துப் பேர் போனார்கள் என்றால் பத்துப் பேரும் அந்த மெல்லிசான இடத்தை மிதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அடியில் கிடக்கிற அடுக்கின் மேலே ஒரு இடத்தில் ஒன்றரை மீற்றர் பனி இருக்கும். அங்கே ஆளின் பாரம் அடிவரை போகாது. கொஞ்சம் தள்ளி, ஒரு கல்லுக்குப் பக்கத்தில், நாற்பது சென்ரிமீற்றர்தான் இருக்கும். பதினோராவது ஆள் அங்கே திரும்பினால் போதும். அடியில் தொடங்கும் உடைவு, தடிப்பான இடத்துக்குக் கீழேயும் ஓடி, முழுச் சரிவையும் ஒரே பலகையாகக் கழற்றும்.

இவ்வளவையும் சொன்னேன். கேட்டான். கோபப்படவில்லை. "சரி அக்கா, பாப்பம்" என்றான். இந்தப் பாப்பம்தான் எனக்குப் பிடிக்காதது.

ஜனவரி 2

பகல் முழுக்க நித்திரை கொள்ள முயன்றேன். இரவு வேலை முடித்து வந்தவளுக்குப் படுத்ததும் கண் மூட வேண்டும். பதினொன்றரைக்கு ஹெலி. றேகா மீட்புச் சேவையின் சிவப்பு ஹெலி ஃப்ளுயேலாப் பள்ளத்தாக்குப் பக்கம் போனது. எத்தனையோ காரணத்துக்குப் போகும். ஸ்கி ஓடி முழங்கால் முறித்தவர்களை ஏற்றத்தான் அநேகமாகப் போகும். ஆனால் ஒன்று போய்ப் பத்து நிமிடத்தில் இன்னொன்று போனால்?

இன்னொன்று போனது.

தம்பிக்கு எடுத்தேன், பதில் இல்லை. வட்ஸ்அப்பில் ஒற்றைச் சரி. மச்சாளுக்கு எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு குசினிக்கும் யன்னலுக்கும் நடந்தேன். எடுத்து அவன் எங்கே என்று கேட்டால் அவளுக்குக் குரலிலேயே விளங்கிவிடும். ஆறு மாதப் பிள்ளைத்தாச்சியை ஏன் நடுங்க வைப்பான். அம்மாவுக்கு எடுக்கவே முடியாது. தேத்தண்ணி போட்டேன், குடிக்கவில்லை. புல்லட்டினைத் திறந்தேன். 2,200 மீற்றருக்கு மேலே, மேற்கிலிருந்து வடக்கால் கிழக்குவரை பார்த்த சரிவுகளில், அடியில் கிடக்கும் பழைய பனியால் ஆபத்து. காலையில் எழுதியிருந்த அதே வசனம். திரும்ப வாசித்தால் மாறிவிடுமா?

முழுதாகப் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். அதற்குப் பிறகு கோடு செங்குத்தாக இறங்கும். ஹெலி அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்து சேராது. கூடப் போனவர்கள்தான் எடுக்க வேண்டும். அவனோடு போகிற பெடியங்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். நல்ல பிள்ளைகள். கடைசியாக எப்போது புதைந்தவரைத் தேடும் எல்விஎஸ் கருவியைப் போட்டுத் தேடிப் பழகினார்கள்?

மூன்றே முக்காலுக்கு இரண்டாவது சரி விழுந்தது.

ஜனவரி 3

வீட்டில்தான் இருந்திருக்கிறான். குழந்தைக் கட்டில் பூட்டிக்கொண்டு, ரெலிபோனை மேல்மாடியில் விட்டுவிட்டு.

ஜனவரி 16

2,000 மீற்றர்வரை மழை. நடு ஜனவரியில்.

அம்மா சாளரத்தால் பார்த்துக்கொண்டு, அவர்கள் வந்த புதிதில் இந்த மாதத்தில் வாசல்படியைத் தேட வேண்டியிருக்கும் என்கிறார். அவருடைய ஞாபகம் ஞாபகமாகவே இருக்கட்டும், அளந்த கணக்கும் அதையேதான் சொல்கிறது. 1970க்கும் 2015க்கும் இடையில் சுவிஸ் மலைகளில் பனி கிடக்கத் தொடங்கும் நாள் சராசரியாக 12 நாள் பிந்திவிட்டது. வசந்தத்தில் உருகி முடிகிற நாள் 26 நாள் முந்திவிட்டது. மேலே வைஸ்ஃப்ளூயோஹ் அளவைத் திடலில் 1936 முதல் பனியை அளந்து வருகிறார்கள். உலகத்தில் இவ்வளவு நீளமான பனிக்கணக்கு வைத்திருக்கிற இடங்கள் கொஞ்சம். அந்தத் திடலைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும். புயலுக்குள்ளும் யாரோ போய் அளந்திருக்கிறார்கள்.

பனி குறைந்தால் பனிச்சரிவும் குறையும் என்று வேலைத்தலத்தில் ஒருவர் சொன்னார். பள்ளத்தாக்கின் அடிவரை வருகிற பெரிய சரிவுகளுக்கு அது சரியாக இருக்கலாம். ஸ்கி டூர் போகிற எங்களைக் கொல்லுவது அநேகம் பெரிய பனி இல்லை. மெல்லிய பனியும், நீண்ட வெயிலும், அதற்கு மேலே ஒரு புயலும்தான். இந்த வருடம் மூன்றும் வரிசையாக வந்தன.

மழை பெய்த தெற்குப் புல்வெளிகளில் பிளவு திறந்திருக்கிறது. மண்ணிறமாய் நிலம் தெரிகிறது. முழுப்பனியும் ஈரப் புல்லில் வழுக்கி இறங்கப் பார்க்கிறது. எந்த நேரம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

ஜனவரி 28

டூர்போடன் போகிற வழி, கிட்டத்தட்டச் சமதரை. கூட வேலை செய்கிற அக்காவோடு போனேன். ஃபெல் என்ற ஏறுபட்டை அடியில் ஒட்டிய ஸ்கி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது, கதைத்துக்கொண்டு நடந்தோம். திடீரென்று காலுக்குக் கீழே "ழும்". பனி ஒரு சென்ரிமீற்றர் கீழே இறங்கி நின்றது. சத்தம் எங்களை விட்டு ஓடி, இருபது மீற்றர் தள்ளி நின்ற ஒரு சிறு மரத்தின் பனியை உதிர்த்தது.

இருவரும் அசையவில்லை. மேலே சரிவு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம். 30 பாகைக்கு மேலே சாய்ந்த இடம் தூரத்தில்தான். தரை சமமாக இருந்ததால் வெறும் சத்தம். இதே உடைவு ஒரு சரிவின் அடியில் ஓடினால், நாங்கள் கீழே நிற்க மேலிருந்து கழன்று வரும்.

திரும்பிவிட்டோம். ஏழு கிழமையாகியும் அந்த அடி அடுக்கு செத்துப்போகவில்லை.

பெப்ரவரி 6

நிலை 2. மஞ்சள். பழைய பனி என்ற வரி மட்டும் போகவில்லை.

பெப்ரவரி 8

"இப்ப ரெண்டுதானே அக்கா."

இரண்டு என்றால் ஆபத்தான இடங்கள் குறைந்திருக்கின்றன. அந்த இடம் ஒன்றில் மிதித்தால் கழன்று வருகிற பலகை குறையவில்லை. புதுப்பனியால் வரும் ஆபத்தைக் கண்ணால் காணலாம், காற்று சேர்த்த பனியையும் பழகிய கண் பிடித்துவிடும். அடியில் கிடக்கும் பழைய பனிக்கு வெளியே அடையாளமே இல்லை. மேற்பரப்பு எவ்வளவோ அமைதியாகக் கிடக்கும். அதனால்தான் தெரிந்தவர்கள் சொல்கிற புத்தி ஒன்றே ஒன்று: விலகி இரு, பொறுத்திரு.

பொறுத்திருக்கச் சொன்னால் அவன் மார்ச் 29ஐச் சொல்கிறான். அதற்குப் பிறகு எனக்கு எங்கே நேரம் அக்கா என்கிறான். அதுவும் உண்மைதான்.

அம்மா எங்கள் இருவர் கதையையும் கேட்டுக்கொண்டு புட்டுக் குழைத்தார். பிறகு அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார்.

பெப்ரவரி 21

1999இல் இதே நாளில் சுவிஸின் எவோலேனில் பனிச்சரிவில் செத்தது 12 பேர். இரண்டு நாள் கழித்து, மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், ஒஸ்திரியாவின் கால்ட்யூரில் 31 பேர். ஸ்கி ஓடப் போனவர்கள் இல்லை, ஊருக்குள்ளும் வீட்டுக்குள்ளும் இருந்தவர்கள். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. ஜனவரிக் கடைசியிலிருந்து மூன்று புயல், ஒன்றன்பின் ஒன்று. தெருக்கள் பூட்டு. அம்மா அரிசி எண்ணி எண்ணிச் சமைத்தார்.

அந்த மாரியில் எல்லோரும் பயந்தார்கள், பயப்பட வேண்டிய பொருள் யன்னல் உயரத்துக்கு எதிரே நின்றது. இந்த மாரியில் புல் தெரிகிறது. தெருவில் சாதாரணச் சப்பாத்தோடு நடக்கிறார்கள். நான் வடக்குச் சரிவைப் பற்றிக் கதைத்தால், இவளுக்கு என்ன என்று பார்க்கிறார்கள்.

மார்ச் 2

கோபத்தை விட்டுவிட்டு வேறொன்று செய்தேன். தம்பியைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் பின்னாலுள்ள வெளியில், பையில் சுற்றிய எல்விஎஸ் ஒன்றைப் புதைத்து வைத்துவிட்டு, தேடு என்றேன்.

ஓடினான். கருவி 38 மீற்றர் காட்டியது. அம்புக்குறி வளைந்த பக்கம் தானும் வளைந்தான். 20, 12, 7. மூன்றுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, முழங்காலில் விழுந்து, கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மெல்ல இழுத்தான். 0.9இல் நிறுத்தினான். கோலை எடுத்து உதறிப் பூட்டி, சுற்றிச் சுற்றிக் குத்தினான். நான்காவது குத்தில் மெத்தென்றது. கோலை அப்படியே விட்டுவிட்டு, கீழ்ப்பக்கமாக நின்று வெட்டத் தொடங்கினான். நேரே கீழே கிண்டாமல் பக்கத்தால் வெட்ட வேண்டும் என்று நான் சொல்லித் தரவில்லை. யாரிடமோ ஒழுங்காகப் பழகியிருக்கிறான்.

ஆறு நிமிடம். முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பையைத் தூக்கிக் காட்டினான்.

பிறகு நான் தேடினேன். அவனைவிடப் பிந்தித்தான் எடுத்தேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் செய்வதென்று இருவரும் ஒத்துக்கொண்டோம். அந்தப் பெடியங்கள் இருவரையும் கூட்டி வருகிறானாம்.

மார்ச் 8

சகாரா தூசு. வானம் மஞ்சள், பனியின் மேலே மண்ணிறப் படை. இனி வெயில் இரண்டு மடங்கு வேலை செய்யும்.

மார்ச் 12

திரும்பவும் டிஷ்மா. அதே சரிவில், பழைய குழிக்குக் கொஞ்சம் தள்ளிக் கிண்டினேன். 90 சென்ரிமீற்றர் அகலத்தில் கட்டி ஒன்றை மூன்று பக்கமும் வெட்டிப் பிரித்து, ஓரத்தில் சவள் அலகை வைத்துத் தட்டினேன். மணிக்கட்டால் பத்து. முழங்கையால் பத்து. தோளிலிருந்து அடித்தபோது அலகுக்குக் கீழே மட்டும் நொறுங்கியது, உடைவு மற்றப் பக்கம்வரை ஓடவில்லை. மணிகளின் விளிம்பு மழுங்கி, ஒன்றோடொன்று கொஞ்சம் பிடித்திருந்தன.

சந்தோசம் வந்தது. உடனே அடுத்த யோசனையும் வந்தது. இது ஒரு குழி. இருபது மீற்றர் தள்ளி வேறு கதை இருக்கலாம். அதோடு, உருகின தண்ணீர் முதன்முதலாக அந்த அடுக்குவரை இறங்குகிற நாள் வரும். மாரி முழுக்க அசையாமல் கிடந்த சரிவுகள் அந்த நாளில் தானாகவே இறங்கும். ஒருவரும் மிதிக்கத் தேவையில்லை.

மார்ச் 15

மச்சாளுக்குக் கால் வீக்கம். வைத்தியர் பயப்பட ஒன்றுமில்லை என்றாராம்.

மார்ச் 19

இரவு வானம் வெளிக்கும், நன்றாக உறையும். நாளை நானும் தம்பியும் ஃப்ளுயேலாவின் வெயில் பக்கம், பிஷாஹோர்ன். அவனுக்குக் குழந்தைக்கு முந்திய கடைசி டூர். நான்தான் கேட்டேன், என்னோடு வா என்று. நான்கரைக்குக் கார். மேலே பத்தரைக்குப் பிறகு நிற்பதில்லை, பனி மேலால் இளகத் தொடங்கியதும் இறக்கம். காலையில் ஓடு காலைத் தாங்காவிட்டால் காரடியிலேயே திரும்புவது. மச்சாளின் ரெலிபோன் இலக்கம் என்னுடைய ரெலிபோனிலும் சத்தமாக அடிக்கும்படி வைத்தாயிற்று.

சாமான் கட்டி முடிக்க அவனிடமிருந்து செய்தி வந்தது. நல்லாய் உறைஞ்சு கிடந்தால் இறங்கேக்கை வடக்குப் பக்கத்தாலை போவமா, அங்கை இன்னும் பஞ்சுப்பனி இருக்குமாம்.

இல்லை என்று எழுதினேன். ஏறுகிற பக்கத்தாலேயே இறங்குவம், வடக்கு இந்த வருசம் இல்லை. விருப்பமில்லாவிட்டால் இப்பவே சொல்லு, நான் அலாரத்தை எடுத்துவிடுகிறேன்.

பார்த்துவிட்டான். இன்னும் பதில் எழுதவில்லை.