ஃப்ரீமாண்ட்டில் எந்தப் பக்கம்?

ஃப்ரீமாண்ட்டில் குடியிருக்கிறேன் என்று சொன்னால், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியை நன்கு அறிந்தவர்கள் உடனே கேட்பது "எந்தப் பக்கம்?" என்பதுதான். வந்த புதிதில் அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. ஓர் ஊருக்கு நடுவில் ஒரு கடைவீதி இருக்கும், அதைச் சுற்றி வீடுகள் இருக்கும், நடுவிலிருந்து எத்தனை தூரம் என்று சொன்னால் போதும் என்ற கணக்கிலேயே நான் வளர்ந்திருந்தேன். இங்கு வந்து ஒரு மாதம் காரில் சுற்றிய பிறகும் அந்த நடுப்பகுதி கண்ணில் படவில்லை. ஒரே மாதிரியான தெருக்கள், ஒரே மாதிரியான ஓட்டுக் கூரைகள், நாற்சந்திக்கு நாற்சந்தி ஒரு கடைத்தொகுதி. பிறகுதான், அப்படி ஒரு நடுப்பகுதி தொடக்கத்திலேயே இருந்ததில்லை என்பது தெரிந்தது.

இந்த நகரம் 1956 ஜனவரியில் காகிதத்தில் பிறந்தது. அதற்கு முன்பு இங்கே தனித்தனியாக ஐந்து சிற்றூர்கள் இருந்தன: சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ். இடையில் இருந்ததெல்லாம் பழத்தோட்டங்களும் காய்கறி வயல்களும்தான். அக்கம்பக்கத்துப் பெரிய நகரங்கள் தங்கள் எல்லையை நீட்டிக்கொண்டே வந்து தங்களை விழுங்கிவிடக்கூடும் என்ற அச்சத்தில், ஐந்தும் சேர்ந்து ஒரே நகராட்சியாகப் பதிவு செய்துகொண்டன. இவ்வழியே பயணம் செய்து வரைபடம் தீட்டிய ஜான் ஃப்ரீமாண்ட்டின் பெயரைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டன. ஐந்தில் எந்த ஊரின் பெயரை வைத்திருந்தாலும் மற்ற நான்கும் முறுக்கிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

ஆறாவதாகச் சேர்ந்திருக்க வேண்டிய நியூவர்க் சேரவில்லை. தொழிற்சாலைகளையெல்லாம் தங்கள் தலையில் கட்டிவிடுவார்கள் என்று கருதிய அவ்வூர்க்காரர்கள், 1955லேயே முந்திக்கொண்டு தனி நகரமாகிவிட்டார்கள். அதன் விளைவாக இன்றும் ஃப்ரீமாண்ட்டின் வரைபடத்தில் வடைக்கு நடுவே துளை போல நியூவர்க் உட்கார்ந்திருக்கிறது. நான் இருப்பது சென்டர்வில் பக்கம். வீட்டிலிருந்து மேற்கே பாலுக்காகக் காரை எடுத்தால் ஓர் ஊரைவிட்டு வெளியேறி இன்னோர் ஊருக்குள் நுழைகிறேன் என்பதைச் சாலையோரப் பலகை மட்டுமே சொல்லும்.

பழைய ஊர்களின் எல்லைகள் அரசு ஆவணங்களிலிருந்து மறைந்து எழுபது ஆண்டுகள் ஆகியும், ஒவ்வொன்றின் குணமும் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. நைல்ஸில் ரயில்பாதையை ஒட்டிய பழைய கடைவீதி அப்படியே நிற்கிறது. குன்றின் மேல் ஊரின் பெயரை வெள்ளை எழுத்துகளில் பெரிதாக நட்டு வைத்திருக்கிறார்கள். ஹாலிவுட் முழுமையாகத் தலையெடுக்கும் முன்பு எஸ்ஸனே நிறுவனம் இங்கே படப்பிடிப்பு நிலையம் வைத்திருந்தது. 1915இல் சார்லி சாப்ளின் சில மாதங்கள் இங்கே வேலை செய்திருக்கிறார். மிஷன் சான் ஹோசேயில் 1797இல் ஸ்பானியப் பாதிரிமார்கள் நிறுவிய தேவாலயம்தான் ஊரின் ஆணிவேர். அதைக் கட்டியதும் அதன் நிலங்களில் உழைத்ததும், அவர்களுக்கு முன்பே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இங்கு வாழ்ந்துவந்த ஓலோனி மக்கள். வார்ம் ஸ்பிரிங்ஸ் தன் பெயரை வெந்நீர் ஊற்றுகளிலிருந்து பெற்றது. இர்விங்டனைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஐந்து சாலைகள் சந்திக்கும் இடம் என்பதைத் தாண்டி அவ்வூர் எனக்குப் பிடிபடவில்லை.

இனி நிலத்துக்கு வருவோம். நகரின் நிலப்பரப்பு ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர். கிழக்கே குன்றுத்தொடர், மேற்கே விரிகுடாவின் சேறும் உப்பளமும், இரண்டுக்கும் நடுவே வீடுகள் நிறைந்த சமவெளி. அந்தச் சமவெளியைப் போட்டது அலமீடா ஓடை. நைல்ஸ் பள்ளத்தாக்கின் வாயிலிருந்து வெளியே வரும் ஓடை, மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்த கூழாங்கல்லையும் மணலையும் பல்லாயிரம் ஆண்டுகளாக விசிறி போல விரித்துப் போட்டிருக்கிறது. நாங்கள் குடியிருப்பது அந்த விசிறியின் மேல்தான். தோட்டத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைக்க இரண்டடி தோண்டியபோது, ஆற்றில் உருண்ட வழவழப்பான கற்கள் ஒரு வாளி நிறையக் கிடைத்தன. பக்கத்தில் ஆறு எதுவும் இல்லையே என்று அன்று வியந்தேன். ஒரு காலத்தில் ஓடை இவ்வழியாகவும் புரண்டிருக்கிறது.

அந்தக் கற்களுக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீர்தான் இப்பகுதியின் உண்மையான சொத்து. ஓடையின் நீரை மேல்பகுதியிலேயே ஒரு தனியார் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலத்தில், கிணறுகள் வற்றுவதைக் கண்ட விவசாயிகள் 1914இல் அலமீடா கவுண்டி நீர் மாவட்டத்தை அமைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்ததால் விரிகுடாவின் உப்புநீர் உள்ளே ஏறிவந்த கதையும் இங்கே உண்டு. அதைத் திருப்பித் தள்ளுவதற்காகப் பல பத்தாண்டுகளாக நன்னீரை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஓடையின் குறுக்கே ரப்பராலான அணைகள் இருக்கின்றன. காற்றடித்து உப்பவைத்தால் நீர் தேங்கும், காற்றை இறக்கிவிட்டால் வெள்ளம் போய்விடும். தேங்கிய நீரை அருகிலுள்ள பழைய ஜல்லிக் குழிகளுக்குத் திருப்பிவிடுகிறார்கள். அக்குழிகள்தாம் இன்று குவாரி லேக்ஸ் என்ற பூங்காவாக, பிள்ளைகள் நீந்தும் ஏரிகளாக இருக்கின்றன. மகனை நீந்த விட்டுவிட்டுக் கரையில் அமர்ந்திருக்கும் பெற்றோரில் எத்தனை பேருக்கு, மாலையில் தங்கள் வீட்டுக் குழாயில் வரப்போகும் நீரின் ஒரு பங்கு அந்த ஏரியின் அடியிலிருந்து இறங்கியது என்று தெரியுமோ, தெரியவில்லை.

இந்த நீர்க்கதையில் இன்னொரு பாத்திரம் உண்டு. குன்றடிவாரத்தை ஒட்டி வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நகரைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஹேவர்ட் நிலப்பிளவைத்தான் சொல்கிறேன். பிளவின் நெடுகிலும் பாறையும் மண்ணும் அரைபட்டு நீர் எளிதில் புகாத களிமண்ணாகிவிட்டதால், அது நிலத்தடியில் ஒரு சுவர் போல நிற்கிறது. மலையிலிருந்து இறங்கும் நீர் அந்தச் சுவரில் முட்டித் தேங்குவதால், கிழக்குப் பக்கத்தில் நீர்மட்டம் மேலே இருக்கும், மேற்குப் பக்கத்தில் தாழ்ந்திருக்கும். குளங்களும் சதுப்புகளும் அந்தக் கோட்டை ஒட்டியே வரிசையாக அமைந்திருப்பதற்குக் காரணமும் அந்தப் பிளவுதான்.

மேற்குக் கோடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சான் ஹோசே விமான நிலையத்தில் இறங்கும் விமானத்திலிருந்து கீழே பார்த்தால் இளஞ்சிவப்பும் செங்கல் நிறமும் பச்சையுமாகப் பாத்திகள் தெரியும். அவை உப்பளங்கள், உப்பு ஏற ஏற அதில் வாழும் நுண்ணுயிர்கள் மாறுவதால் நிறமும் மாறுகிறது. அவற்றில் பெரும்பகுதி இப்போது பறவைகளுக்கான தேசியச் சரணாலயத்தின் பகுதியாகிவிட்டது, ஒரு பங்கு மீண்டும் சதுப்புநிலமாக்கப்பட்டு வருகிறது. அதே சேற்றின் நடுவில், நகர எல்லைக்குள்ளேயே, ஆளில்லாத ஓர் ஊர் இருக்கிறது. டிராபிரிட்ஜ் என்று பெயர். 1876இல் ரயில்பாதைக்காகக் கட்டிய திறப்புப் பாலத்தைக் காவல் காத்தவரின் குடிசையில் தொடங்கி, வாத்து வேட்டைக்கு வருபவர்களின் மரவீடுகளாகப் பெருகி, கடைசிக் குடியிருப்பாளரும் 1979இல் வெளியேறிய பிறகு மெல்ல மெல்லச் சேற்றில் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. ரயிலில் அவ்வழியே போகும்போது சாய்ந்து நிற்கும் சில கூரைகளைப் பார்க்கலாம். இறங்கிப் போய்ப் பார்க்க அனுமதி இல்லை.

இனி மக்கள்தொகை. நகரமாக அறிவித்தபோது இங்கு சுமார் 22,000 பேர் இருந்தார்கள். 1960 கணக்கெடுப்பில் 43,790 பேர். 1970இல் 1,00,869 பேர். பத்தே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகியதற்குக் காரணம், தோட்டங்களை விற்றுக் கட்டிய வீடுகளும் 1960களில் இங்கு வந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையும். அந்த ஆலை 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நடத்திய ஆலையாகத் திறந்தது, 2010இல் மீண்டும் மூடியது, அதே ஆண்டில் டெஸ்லாவின் கைக்குப் போனது. 2000இல் மக்கள்தொகை 2,03,413, 2010இல் 2,14,089, 2020இல் 2,30,504. 1960களில் பாய்ந்த வேகம் பின்னாளில் இல்லை. கட்டுவதற்குச் சமவெளியில் இடம் தீர்ந்துவிட்டது. குன்றுகளின் மேல் வீடு கட்டுவதை 1981லும் 2002லும் வாக்காளர்களே வாக்களித்துக் கட்டுப்படுத்திவிட்டார்கள். மிஷன் பீக் சிகரம் இன்றும் குளிர்காலத்தில் பச்சையாகவும் கோடையில் காய்ந்த வைக்கோல் நிறமாகவும் வெறுமையாக நிற்பதற்கு அந்த வாக்குகளும் ஒரு காரணம்.

எண்ணிக்கையைவிட யார் என்பதில்தான் ஊர் தலைகீழாக மாறியிருக்கிறது. தொடக்கத்தில் இங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அவர்களில் அஸோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்ச்சுக்கீசிய விவசாயக் குடும்பங்களும் அடக்கம். 2010 கணக்கெடுப்பில் ஆசிய வம்சாவளியினர் பாதியைத் தாண்டினார்கள். 2020இல் அறுபது விழுக்காட்டையும் தாண்டிவிட்டார்கள். 2010இல் இந்தியர்களும் சீனர்களும் ஏறத்தாழச் சமமாக, தலைக்குச் சுமார் 18 விழுக்காடு இருந்தார்கள். சோவியத் படையெடுப்புக்குப் பின் 1980களில் வரத் தொடங்கிய ஆப்கானியர்களால் சென்டர்வில் கடைவீதிக்கு "குட்டி காபூல்" என்ற பெயரே நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டில் சப்பாத்தி சுடுவதை நிறுத்தியதற்குக் காரணம், அங்கே சூடாகக் கிடைக்கும் முழங்கை நீளத்து ரொட்டிதான். குன்றின் மேல் சீக்கியர்களின் கோயில் இருக்கிறது. அதற்கு ஏறும் சாலைக்கு குருத்வாரா சாலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்னோரிடத்தில் ஒரு தேவாலயமும் மசூதியும் அருகருகே கட்டப்பட்டு, இடையிலுள்ள தெருவுக்கு "பீஸ் டெரஸ்" என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

தமிழர்களும் கணிசமாக இருக்கிறோம். வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் வாசலில் நின்றால், "எந்தப் பக்கம்?" என்ற கேள்வியின் மறுபொருள் புரியும். அங்கே கேட்பவர் எதிர்பார்ப்பது ஊர்ப்பெயரைக்கூட அல்ல, அஞ்சல் குறியீட்டை. 94539 என்றால் மிஷன் சான் ஹோசேயும் வார்ம் ஸ்பிரிங்ஸும். பள்ளிகளின் மதிப்பெண்ணும் வீட்டு விலையும் அந்த ஐந்து இலக்கங்களுக்குள் அடங்கிவிடும். 94536 என்று நான் சொன்னதும் எதிரில் இருப்பவர் "அதுவும் நல்ல இடம்தான் சார்" என்று ஆறுதலாகச் சொல்வார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால், ஐந்து ஊர்களைச் சேர்த்து ஒரே ஊராக்கியவர்கள் அழிக்க நினைத்த கோடுகளைப் பள்ளி எல்லைகள் மீண்டும் அழுத்தி வரைந்துவிட்டன என்று மட்டும் தோன்றும்.

நகரின் நடுவே எலிசபெத் ஏரி இருக்கிறது. இங்கிலாந்து ராணியின் நினைவாக வைத்த பெயர் என்றே நானும் எண்ணியிருந்தேன். ஆஸ்திரேலியாவிலுள்ள எலிசபெத் என்னும் சகோதர நகரத்தின் பெயர் அது. விரிகுடாப் பகுதி ஊர்களை இணைக்கும் பார்ட் ரயில் 1972இலிருந்து ஃப்ரீமாண்ட்டோடு நின்றுகொண்டிருந்தது. அதை 2017இல் வார்ம் ஸ்பிரிங்ஸ் வரை நீட்டியபோது, ஏரியின் ஒரு கைக்கு அடியில் சுரங்கம் அமைத்துப் பாதையைக் கொண்டுபோனார்கள். ஏரிக்கரையிலுள்ள சமூகக்கூடத்தின் பின்பக்க வாகன நிறுத்துமிடத்தில், தாரின் மேல் ஏணிப்படிகள் போலச் சாய்வாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக விரிசல்கள் ஓடுவதைப் பார்க்கலாம். வேரோ வெயிலோ செய்த வேலை அன்று. ஹேவர்ட் பிளவு அவ்வழியாகத்தான் போகிறது. அதன் மேற்குப் பக்கம் கிழக்குப் பக்கத்தை உரசிக்கொண்டு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வடமேற்காக நகர்கிறது. தாரைப் பூசி மூடுகிறார்கள், மறுபடி திறந்துகொள்கிறது.

ஃப்ரீமாண்ட் ரயில் நிலையத்துக்கு அருகில் கோரைப்புல் மண்டிய ஒரு குளம் இருக்கிறது. பிளவு இழுத்ததால் நிலம் தாழ்ந்து உண்டான குளம் அது. அங்கே குழி வெட்டி மண்ணடுக்குகளைப் படித்த புவியியலாளர்கள், கடந்த சுமார் 1900 ஆண்டுகளில் பன்னிரண்டு பெரிய நிலநடுக்கங்களின் தடயத்தைக் கண்டார்கள். கடைசியாக வந்தது 1868 அக்டோபர் 21 அன்று. மிஷன் சான் ஹோசேயின் மண்சுவர்த் தேவாலயம் அன்றுதான் இடிந்தது. இப்போது அங்கே நிற்பது, பழையதன் அமைப்பிலேயே 1985இல் கட்டி முடித்த புதிய கட்டடம். காலை ஏழு மணிக்கு நிலையத்தில் நிற்கும்போது அந்தக் கோரைப்புல் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுகிறேன். என் வீடு பிளவுக்கு மேற்கே. மிஷன் சான் ஹோசேயில் இருக்கும் நண்பரின் வீடு அதற்குக் கிழக்கே.