பச்சைக் கறி தின்னும் நாய்க்குப் பூச்சி மருந்தில் மூன்று மாதக் கணக்கு போதாது

எங்கள் முத்து நாட்டு நாய். பச்சைக் கறிக்கு மாற்றி ஒன்பது மாதம் ஆகிறது. வாரம் ஒருமுறை பெங்களூரு அல்சூரிலிருந்து ரஸ்ஸல் மார்க்கெட் போய் கோழிக் கழுத்து, ஆட்டு ஈரல், நுரையீரல் வாங்கி வருவேன். "நாய்க்குத்தானே அக்கா" என்று கறிக்கடை பாய், ஆட்கள் வாங்காத ஈரலைச் சும்மாவே பையில் போடுவார். அதில் நீர் கோத்த கொப்புளம் மாதிரி வெள்ளைக் கட்டிகள் இருக்கும். அதையும் வெட்டிப் போட்டிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

பூச்சி மருந்தை நான் தவறவிட்டதே இல்லை. வழக்கமாகப் போகும் கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிரப் கொடுத்து, கார்டில் அடுத்த தேதியை எழுதிவிடுவார்கள். என்ன சாப்பிடுகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. எடையும் பார்த்ததில்லை, "பதினைந்து கிலோ இருக்கும்" என்று கண்ணளவுதான்.

போன முறை சிரப் கொடுத்து இரண்டு வாரத்தில், முத்து படுக்கும் கறுப்பு விரிப்பில் வெள்ளரி விதை மாதிரி ஒன்று கிடந்தது. குனிந்து பார்த்தால் சுருங்கி நீண்டு நகர்கிறது. மதியத்துக்குள் காய்ந்து அரிசி மணியாகிவிட்டது. தங்கையின் மூன்று வயதுப் பெண் அதே விரிப்பில்தான் அவனைக் கட்டிக்கொண்டு தூங்குவாள்.

கிளினிக்கில், "இப்பதானே மருந்து கொடுத்தோம், தேதிக்கு வாங்க" என்றார்கள். மலப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்று நின்றேன். காலையில் எடுத்ததை மாலையில் கொண்டுபோனதால், பழசு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அரை நாள் லீவு போட்டு, சூடு ஆறுவதற்குள் ஆட்டோவில் ஓடினேன். முட்டை எதுவும் இல்லை என்று ரிசல்ட். வீட்டுக்கு வந்தால் விரிப்பில் இன்னும் இரண்டு!

அதில் ஒன்றைச் சின்ன பாட்டிலில் போட்டு வேறொரு டாக்டரிடம் எடுத்துப்போனேன். அவர் முதலில் முத்துவை எடைமேடையில் ஏற்றினார். 23 கிலோ. அடுத்து, என்ன சாப்பாடு என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரைக் கும்பிடலாம்.

விரிப்பில் கிடந்தது நாடாப்புழுவின் உடல் துண்டு என்றார். பழைய சிரப்பில் இருந்தது பைரான்டல் என்ற மருந்து மட்டும். அது உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கு. நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. நாடாப்புழுவுக்கு பிராசிகுவாண்டல் என்ற மாத்திரை வேண்டும். மலப் பரிசோதனையை நம்பியும் பயனில்லை, நாடாப்புழுவின் முட்டைகள் பெரும்பாலும் துண்டுக்குள்ளேயே அடைபட்டு வெளியே வரும். பாட்டிலில் நான் கொண்டுபோனது கறியால் வந்ததே இல்லையாம்! தெள்ளுப்பூச்சியைக் கடித்து விழுங்கினால் வருவது அது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் ஒரு மாதத்தில் திரும்ப வந்து நிற்கும்.

"எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிம்மா" என்றார் டாக்டர். அந்த ஈரல் கட்டி, நீர்க்கட்டி நோயாக இருக்கலாம். அதைத் தின்ற நாயின் குடலில் வளரும் எக்கினோகாக்கஸ் புழு சில மில்லிமீட்டர்தான். அதன் முட்டை மனிதர் வாய்க்குள் போனால் நம் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரும். குழந்தை முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.

பிராசிகுவாண்டல் அன்றைக்கு உள்ளே இருப்பதைக் கொல்லும், அவ்வளவுதான். மறுநாள் தின்பதற்குக் காவல் இல்லை. அதனால் பச்சை ஈரல், நுரையீரல் தின்னும் நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை. எஸ்காப் என்ற ஐரோப்பிய ஒட்டுண்ணி நிபுணர் அமைப்பும் இந்தப் புழு உள்ள பகுதிகளுக்கு அதைத்தான் சொல்கிறது. வேகவைத்த சாப்பாடு என்றால் மூன்று மாதம் சரி. மைனஸ் 20 டிகிரியில் பத்து நாள் உறைந்தால் கட்டி செத்துவிடும், ஆனால் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியை அதற்கு நம்பாதீர்கள். நான் ஈரலையும் நுரையீரலையும் இப்போது வேகவைத்தே போடுகிறேன்.

10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டரை மாத்திரை, மாதம் ஒரு தெள்ளு மருந்து, விரிப்பைக் கொதிநீரில் துவைப்பது. நான்கு மாதமாக விரிப்பு சுத்தம்.

பாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். இருபது வருஷமாக அந்த ஈரல்களைக் கடைக்குப் பின்னால் தெருநாய்களுக்குத்தான் வீசிக்கொண்டிருந்தாராம். போன வாரம் போனபோது, கட்டி கண்டதைப் போட மூடியுள்ள ஒரு டிரம் வைத்திருந்தார்.