தேர்வு முடிவு வந்த மறுநாள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஊரெல்லாம் யார் எத்தனை மதிப்பெண் வாங்கினார்கள் என்றே பேசிக்கொண்டிருக்கும். எனக்கும் என் நண்பர்கள் இருவருக்கும் வேலை தொடங்குவது அதற்கு மறுநாள் மாலையில்தான். நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தைச் சுற்றியுள்ள தறிக்காரர் குடியிருப்புகளில், தேர்ச்சி பெறாத பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் போவோம். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. அந்த நாட்களில் பெரும்பாலான வீடுகளில் யாரும் பிள்ளையோடு சரியாகப் பேசுவதுகூட இல்லை.

இந்த மே மாதம் அப்படிப் போன ஒரு வீட்டில் பையன் வெளியே வரவில்லை. அவனுடைய அம்மா வாசலில் நின்றபடியே, "தறிக்குப் போறேன்னு சொல்லிட்டானுங்க, இனி என்னத்தப் பண்றது" என்றார். கதவுக்குப் பின்னால் நிற்பவனுக்குக் கேட்கட்டும் என்று, "தம்பி, எத்தனை பாடம்?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். நெடுநேரம் கழித்து, "கணக்கு ஒண்ணுதானுங்ணா" என்று பதில் வந்தது. எவ்வளவு என்றேன். "இருபத்தாறு."

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். 1999ஆம் ஆண்டு நான் கணக்கில் 29 வாங்கினேன். அப்போதெல்லாம் மாலைப் பத்திரிகையில்தான் முடிவு வரும். எனக்கு முந்தைய எண்ணும் இருந்தது, பிந்தைய எண்ணும் இருந்தது, என் எண் மட்டும் இல்லை. அச்சுப் பிழையாக இருக்கும் என்று அடுத்த கடையில் இன்னொரு தாள் வாங்கிப் பார்த்தேன். ஆறு மதிப்பெண் குறைந்ததற்காக மறுவாரமே தறிப்பட்டறையில் நின்றேன். என் அக்காவின் திருமணத்துக்காக அப்பா முதலாளியிடம் 12,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். முன்பணம் தீரும்வரை வேறு இடத்துக்குப் போக முடியாது. கூலியில் பிடித்தது போக மிஞ்சுவதில் வீட்டுச் செலவு ஓடாது. ஓடாதபோது மறுபடியும் முன்பணம். எங்கள் பகுதியில் பிள்ளைகளின் படிப்பு நின்ற கதைகளைக் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் சோம்பலைவிட இந்தக் கணக்கே முன்னால் நிற்கும்.

இதனால்தான் "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு" என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவனிடம் மனம் இல்லை என்று சொல்வது பெரிய அநியாயம். மனம் இருக்கிறது, எந்த வழியில் போவது, யாரைக் கேட்பது, எந்தத் தேதிக்குள் போவது என்பதுதான் தெரிவதில்லை.

எனக்கு வழி காட்டியவர் பக்கத்துத் தறி ஓட்டிய ஒரு பெரியவர். பழைய எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். தறி ஓடும்போது காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் விளங்கும் என்பதால், எங்கள் பாடம் முழுவதும் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதித்தான் நடந்தது. ஒருநாள் இரவு என்னிடம் அவர் எழுதிக் கேட்ட கேள்வி இன்றும் நினைவிருக்கிறது. ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா நிமிடத்துக்கு 120 முறை ஓடுகிறது. துணியில் ஓர் அங்குலத்துக்கு 48 ஊடை இழை விழவேண்டும். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு துணி நெய்யலாம்? நான் விழித்தேன். 120ஐ 48ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு இரண்டரை அங்குலம், மணிக்கு 150 அங்குலம், பன்னிரண்டு மணி நேரம் இழை அறாமல் ஓடினால் ஏறக்குறைய 46 மீட்டர் என்று அவரே வரி வரியாக எழுதிக் காட்டினார். கீழே, "இத்தனை நாளா உன் கூலியை நீ சரிபார்த்ததே இல்லையா?" என்று எழுதினார். வகுப்பில் என்னை அச்சுறுத்திய விகிதக் கணக்கு, எனக்குச் சோறு போடும் கணக்காக அன்றிரவு சுவரில் நின்றது. அறுந்த இழையைப் பிணைக்கும் நேரத்தில் ஒரு சூத்திரம், ஊடை நூல் தீர்ந்து தார் மாற்றும் நேரத்தில் இன்னொன்று என்று அதன்பிறகு படித்தேன்.

அந்த ஆண்டே மறுபடியும் எழுதி 33 வாங்கினேன். இரண்டு மதிப்பெண் குறைவு. முதல் தோல்வியைவிட இது கடினமாக இருந்தது, ஏனென்றால் இந்த முறை நான் உண்மையாகவே படித்திருந்தேன். பெரியவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் இரவு சுவரில் பழைய கணக்குகளைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதினார். அடுத்த மார்ச்சில் என்னைவிடச் சிறியவர்களோடு அதே தேர்வறையில் உட்கார்ந்து 52 வாங்கினேன். முன்பணம் தீர இன்னும் இரண்டு ஆண்டுகள் இரவு ஷிப்ட் ஓட்டி, 2002இல் அரசு பாலிடெக்னிக்கில் மின்னியல் பிரிவில் சேர்ந்தேன். இன்று ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். என் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக யாரிடமும் முன்பணம் வாங்கியதில்லை. என்னளவில் வாழ்க்கை மாறியது என்பதற்கு இதுதான் பொருள்.

தொழில் கையில் இருக்கும்போது படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது பழைய கேள்வி. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் படித்துவிட்டு மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. எதிர்ப்பு வலுத்து, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. குடும்பச் சூழலால் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர் அவர். மதிய உணவை மாநிலமெங்கும் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றவரும் அவரே. தறித்தொழிலை நான் தாழ்வாக நினைக்கவில்லை, அதுதான் என்னை வளர்த்தது. ஆனால் அதில் நிற்பதா வேண்டாமா என்பதைப் பதினைந்து வயதில் ஒரு முன்பணம் முடிவு செய்யக்கூடாது.

இப்போது வழிகள் என் காலத்தைவிட அதிகம். தேர்ச்சி பெறாத பாடத்தை மட்டும் எழுதினால் போதும், அதே ஆண்டில் மேலே சேர்ந்துவிடலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) பிரிவுகளும் உண்டு; பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியலிலும் அப்படியே. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்வியில் சேர்ந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. டிப்ளமோ என்றால் மட்டம் என்று முகம் சுளிக்கும் பெற்றோரிடம் நான் ஒரு பெயரைச் சொல்வேன்: வீரமுத்துவேல். விழுப்புரத்தில் ரயில்வே ஊழியரின் மகன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அங்கேயே டிப்ளமோ படித்து, பிறகு பொறியியலும் முனைவர் பட்டமும் முடித்தார். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் அவர்தான்.

ஆனால் தொலைவில் இருக்கும் பெயரைவிடப் பக்கத்துத் தெருப் பெண்தான் எங்கள் பிள்ளைகளுக்கு நம்பிக்கை தருகிறாள். 2023இல் ஆங்கிலத்திலும் கணக்கிலும் தவறியவள் அவள். அம்மா இல்லை, அம்மாவைப் பெற்ற அமுச்சியோடு உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசி முடித்ததும் அந்த அமுச்சி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மறுக்காவும் போயிட்டா, புள்ளைய யாராவது சிரிப்பாங்களா சாமி?" சிரிக்க மாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சிலர் சிரித்தார்கள்தான். அவள் எழுதினாள், இரண்டிலும் தேறினாள், ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பிரிவில் சேர்ந்தாள். அந்த வகுப்பில் பெண்கள் மிகக் குறைவு. படிப்பை முடித்து இப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேர்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் படிப்பகத்துக்கு வந்து சின்னவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள்.

எல்லாரும் அப்படி வந்துவிடுவதில்லை. இரண்டு நாள் வந்துவிட்டு நின்றுபோனவர்களின் பெயர்களும் எங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன. அவர்களில் சிலரைத் தறிப்பட்டறை வாசலில் பார்க்கும்போது, அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் மனம் கனக்கிறது. மூன்றாவது நாளே நான் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று தோன்றும்.

கணக்கில் தவறியவர்களை நாங்கள் முதலில் உட்காரவைப்பது வினாத்தாளின் முன்னால்தான். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இந்த முப்பதையும் கையில் பிடித்தபிறகு இன்னும் ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கு போதும் என்று காட்டுவோம். முழுப் புத்தகத்தையும் பார்த்து மலைத்தவனுக்கு மூன்று வாரத்தில் செய்யக்கூடிய வேலை இன்னது என்று தெரிந்துவிட்டால், முகம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். தேறுவதற்கு இந்த முப்பத்தைந்து போதும், மேலே படிக்கப் போதாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவோம். பாலிடெக்னிக்கில் முதலாண்டில் நான் பட்ட பாடு அப்படி.

கதவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பையன் முதல் நாள் வந்தான், இரண்டாம் நாளும் வந்தான், மூன்றாம் நாள் வரவில்லை. இந்த முறை நான் காத்திருக்காமல் ஏழு மணிக்கே பட்டறைக்குப் போனேன். உள்ளே நான்கு தறிகளுக்கு நடுவில் நின்றிருந்தான். சத்தத்தில் எதுவும் பேச முடியவில்லை. ஒன்பது என்று விரலால் காட்டினேன். அவன் எதுவும் காட்டவில்லை.

ஒன்பதே காலுக்குப் படிப்பகத்தின் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு உள்ளே வந்தவன், கவராயத்தை எடுத்துக்கொண்டு, "தொடுகோடு வரைஞ்சு பாக்கலாமுங்களா?" என்று கேட்டபடி பாயில் உட்கார்ந்தான்.