சத்தம் எப்போது வருகிறது?

காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் பாட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. நான் பாட்டை நிறுத்தி, ஏசி ஃபேனையும் அணைத்துவிடுவேன். மெக்கானிக்கிடம் போய் "ங்ங்ங்" என்று வாயால் செய்து காட்டுவதைவிட, எந்த வேகத்தில், என்ன செய்யும்போது வருகிறது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. அதற்கும் முன்னால் டிக்கியைக் காலி செய்துவிடுங்கள். சரியாக மாட்டாத ஜாக்கி, சஸ்பென்ஷன் போனது போலவே கடகடக்கும்.

என்ஜினா, சக்கரமா என்பதுதான் முதல் கேள்வி. வண்டி நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலையில் அதே 50 கிமீ வேகத்தில் நாலாவது கியரிலும் மூன்றாவதிலும் ஓட்டிப் பார்ப்பேன். சக்கரம் சுற்றும் வேகம் அதேதான், என்ஜின் சுற்று மட்டும் ஏறும். சத்தமும் கூடவே ஏறினால் என்ஜின் பக்கம். மாறாமல் இருந்தால் டயர், அல்லது சக்கரம் தடையில்லாமல் சுற்ற உதவும் பேரிங் பக்கம்.

என்னை ரொம்ப அலைக்கழித்தது வீல் பேரிங். டயர் ஏறுமாறாகத் தேய்ந்தாலும் அதே முனகல்தான் வரும் என்பதால், "டயர் சத்தம்தான் மேடம், மாத்திடுங்க" என்றார்கள். காசு செலவழிக்குமுன் முன்டயர்களைப் பின்னால் மாற்றிப் போடச் சொன்னேன். முனகல் முன்பக்கத்திலேயே இருந்தது. சாலை வலப்பக்கம் வளையும்போது ஏறியது, இடப்பக்கம் வளைந்தால் அடங்கியது. வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது சக்கரங்கள் மேல் சாயும். அதனால் இடது பேரிங்கைப் பார்க்கச் சொன்னேன். வேறொரு மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சுருள் ஸ்பிரிங்கை ஒரு கையால் பிடித்தபடி மறுகையால் சக்கரத்தைச் சுற்றினார். "நீங்களே கை வைச்சுப் பாருங்க." ஸ்பிரிங் வழியாக விரலுக்கு ஒரு நறநறப்பு வந்தது, மணல் அரைபடுவது போல. வலது சக்கரத்தில் அது துளிகூட இல்லை.

அதிர்வுக்கும் இதே கேள்விதான். 80, 100 கிமீ வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் உதறினால் பெரும்பாலும் முன்சக்கர பேலன்சிங், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை; ஸீட் நடுங்கினால் பின்சக்கரம். 100 கிமீ வேகத்தில் சின்ன காரின் சக்கரம் நொடிக்கு 15 முறை சுற்றுகிறது. ரிம்மில் ஒரு பக்கம் 20 கிராம் எடை கூடுதலாக இருந்தாலே, ஏறக்குறைய 3 கிலோ பாரத்தின் விசை ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும். பிரேக் போடும்போது மட்டும் உதறினால், பிரேக் பேட் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தகடான டிஸ்க்கைப் பார்க்க வேண்டும், எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் அது போகாது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டிக் டிக் என்றால் சிவி ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பும்போதும் என்ஜின் சக்தியை அதற்குக் கடத்தும் இணைப்பு.

பிரேக்கில் கீச் என்ற சத்தம், பேட் தேய்ந்துவிட்டதைச் சொல்வதற்கென்றே வைத்த தகட்டிலிருந்தும் வரலாம். அது கரகரவென்று இரும்போடு இரும்பு உரசும் சத்தமாக மாறிவிட்டால் வண்டியை மேற்கொண்டு ஓட்ட மாட்டேன். டயர் கழற்றி மாட்டிய பிறகு புதிதாக 'டொக் டொக்' என்று கேட்டாலும் அப்படியே ஓரங்கட்டி, வீல் நட்டுகளை ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன்.