'ஸ்ட்ரா' என்று முடிந்தால் ஃப்ரீஸ்லாந்து: டச்சுப் பெயர்களில் பூர்வீகம் தேடுவது

டச்சுக்காரர் ஒருவரின் குடும்பப் பெயர் 'ஸ்ட்ரா', 'மா', 'இங்கா' என்று முடிந்தால் வேர் பெரும்பாலும் வடக்கே, ஃப்ரீஸ்லாந்து பக்கம். 'இங்க்' என்று முடிந்தால் கிழக்கே, ஜெர்மன் எல்லையோரம். பூர்வீகம் தேடுகிறவர்கள் முதலில் பிடிக்கும் நூல் இது. பாதி தூரம்தான் கூட வரும்.

இன்றைய டச்சு மக்கள் முக்கியமாக மூன்று ஜெர்மானியக் குடிகளின் கலப்பு: கடலோரத்தில் ஃப்ரீசியர், கிழக்கே சாக்ஸன்கள், தெற்கே ஃபிராங்குகள். டச்சு மொழி ஃபிராங்குகளின் பேச்சிலிருந்து வளர்ந்தது. ஃப்ரீசியரின் மொழி இன்றும் தனி. ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் அதற்கு ஆட்சிமொழித் தகுதியும் உண்டு.

கணினி படித்தவர்களுக்குக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவைத் தெரியும். 'டைக்' என்றால் கரை, 'ஸ்ட்ரா' என்றால் அங்கே குடியிருப்பவர். ஃப்ரீசியப் பெயர்தான், ஆனால் அவர் 1930இல் பிறந்தது ராட்டர்டாமில். குடும்பம் எங்கிருந்து கிளம்பியது என்பதைத்தான் பெயர் காட்டும்.

'வான்' என்பதைப் பார்த்து ஜமீன் பரம்பரை என்று நினைத்துவிட வேண்டாம். அது ஜெர்மன் 'ஃபான்' போலப் பட்டம் அல்ல. 'இன்ன ஊர்க்காரர்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நெதர்லாந்தில் அகரவரிசை போடும்போது 'வான்' கணக்கில் வராது, அடுத்த சொல்லின் எழுத்தில் தேட வேண்டும். பெல்ஜியத்தில் அதுவே முதலெழுத்து.

1811இல் நெப்போலியன் ஆணை வரும்வரை நிலையான குடும்பப் பெயர் இல்லாதவர்கள் ஏராளம். நம்மூர் இனிஷியல் மாதிரி அப்பா பெயர்தான். யானின் மகன் பீட்டர் யான்ஸ். அவன் மகன் க்ளாஸ் பீட்டர்ஸ். 'யான்ஸ்' என்ற பெயரையே தாத்தா வரை துரத்தினால் வேறு யாருடைய குடும்பத்துக்குள்ளோ போய்விடுவீர்கள்.

மதம் குறுக்கே வருவதும் இங்கேதான். அதற்கு முன்பு பிறப்புக் கணக்கு பெரும்பாலும் சபைகளின் ஞானஸ்நான ஏடுகளில் கிடந்தது. எந்தச் சபை என்று தெரியாமல் ஏட்டைத் திறந்து பயனில்லை. கத்தோலிக்க ஏடு லத்தீனில் இருக்கும்: வில்லெம் அங்கே விலெல்முஸ், கெரிட் கெரார்துஸ். மெனோனைட்டுகள் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, வளர்ந்த பிறகுதான். அவர்கள் ஏட்டில் உள்ள தேதியைப் பிறந்தநாளாக எடுத்தால் வயதில் இருபது வருடம் போல உதைக்கும். கத்தோலிக்க ஜோடியின் திருமணம் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தச் சபை ஏட்டிலோ நகரசபை ஏட்டிலோ கிடைத்தால் மதம் மாறிவிட்டார்கள் என்று எழுதாதீர்கள். பாதிரியார் முன் செய்த கல்யாணம் மட்டும் சட்டப்படி செல்லாது என்பதால் இரண்டு இடத்திலும் செய்துகொண்டார்கள்.

1579 உட்ரெக்ட் ஒப்பந்தம் மனசாட்சி சுதந்திரம் தந்தது. கத்தோலிக்கருக்குப் பொதுவெளியில் வழிபட உரிமை தரவில்லை. அதனால் பிறந்தவைதான் மறைவுக் கோயில்கள். ஆம்ஸ்டர்டாமில் யான் ஹார்ட்மன் என்ற வணிகர் 1661-63இல் கட்டியது இன்று அருங்காட்சியகம். தெருவிலிருந்து பார்த்தால் கால்வாயோர வீடு, கோபுரமும் இல்லை மணியும் இல்லை. உள்ளே மூன்று வீடுகளின் மேல்தளங்களை ஒன்றாக்கி, தரையை நடுவில் வெட்டித் திறந்து, இரண்டு அடுக்கு மாடங்கள். பிரசங்க மேடைக்கு இடமில்லாமல் அதைப் பீடத்துக்குள்ளேயே மடக்கி வைத்துவிட்டார்கள். அதிகாரிகளுக்குத் தெரியாதா என்ன? காசு வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் இருந்தார்கள்.

பெரிய ஆறுகளுக்குத் தெற்கே கத்தோலிக்கர், வடக்கே புராட்டஸ்டண்ட் என்பது பள்ளிக்கூட விதி. ஓவியர் வான் கோவின் அப்பா தெற்கே, கத்தோலிக்க பிரபாண்டில் புராட்டஸ்டண்ட் போதகர். 1648க்குப் பிறகு அங்கே அரசும் கோயில்களும் புராட்டஸ்டண்ட் கைக்குப் போயின, ஊர் மாறவில்லை. தென்மேற்கில் ஸீலாந்திலிருந்து வடகிழக்காகச் சாய்ந்து போகும் 'பைபிள் பட்டை' என்ற, பழமைப் பிடிப்புள்ள புராட்டஸ்டண்ட் பகுதியில், 129 கேள்விகள் கொண்ட ஹைடல்பெர்க் வினாவிடை என்ற சமயப் போதனை நூலை 52 ஞாயிறுக்குப் பிரித்துப் பிரசங்கிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. நாட்டில் பாதிப்பேருக்கு மேல் எந்த மதமும் இல்லை என்பது வேறு விஷயம்.

இலங்கைப் பறங்கியர் வேர் தேடுவோருக்கு ஒன்று. நமக்குக் 'கந்தோர்' (அலுவலகம்) என்ற சொல்லைத் தந்த ஒல்லாந்தரில் (டச்சுக்காரரில்) எல்லாரும் ஒல்லாந்தர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களில் ஜெர்மானியர் நிறையப் பேர். டச்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதிவிட்டார்கள். ஹேக் ஆவணக் காப்பகத்திலுள்ள 18ஆம் நூற்றாண்டுச் சம்பளப் பேரேடுகளில் பெயரோடு சொந்த ஊரும் இருக்கும். முதலில் அந்த ஊரைப் பாருங்கள், பெயரைப் பிறகு.