முட்டைக்குள் ஒரு புள்ளி

துருவக் கடல் உயர்நிலைப் பயிற்சித் தேர்வில் இரண்டாம் முறையாக எழுதித் தேறிவிட்டேன். முடிவு முந்தாநாள் வந்தது. உவரியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கப்பலுக்குப் போகும் தம்பிமார் பலர் இதே தேர்வுக்குப் படிப்பதால், முதல் முறை எங்கே சறுக்கினேன் என்பதை, விடுப்பு முடியுமுன் பாளையங்கோட்டை வீட்டிலிருந்தே எழுதுகிறேன்.

என்னைத் தோற்கடித்தது ஒரு புள்ளி. கடல் பனியின் அளவையும் வகையையும் முட்டை வடிவத்துக்குள் எண்களால் காட்டுவது பனி வரைபடத்தின் முட்டைக் குறியீடு. அதில் 4 என்பது 10 முதல் 15 செ.மீ. தடிப்புள்ள சாம்பல் பனி. அதே 4-ஐ அடுத்துப் புள்ளி இருந்தால் அது 120 செ.மீ.க்கு மேல் தடித்த முதலாண்டுப் பனி, அதாவது ஒரே குளிர்காலத்தில் உறைந்து வளர்ந்தது. ககரத்தை மெய்யாக்கும் புள்ளியைத் தவறவிடாத நாம் இதைத் தவறவிடுகிறோம். நான் பணம் கட்டிப் படித்த பயிற்சி நிலையம் தந்த மங்கலான நகல்களில் புள்ளிகளே விழவில்லை என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வினாவில் பி.சி.7 வகைக் கப்பல்; துருவக் கப்பல் வகைகளில் பனியைத் தாங்கும் வலு மிகக் குறைந்தது அதுதான். பொலாரிஸ் என்ற ஆபத்துக் கணிப்பு முறையில், கப்பல் வகைக்கேற்ப ஒவ்வொரு பனி வகைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு; அதைப் பங்கால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பத்தில் ஏழு பங்கு பனி, மூன்று பங்கு திறந்த நீர். சாம்பல் பனி என்று கொண்டு பங்குக்கு 2 வீதம் 14-உம் நீருக்கான 9-உம் சேர்த்து 23 என எழுதி, வழக்கம்போல் செல்லலாம் என்று முடித்தேன். புள்ளியைப் பார்த்திருந்தால் பங்குக்கு −2 வீதம் பனிக்கு −14, நீருக்கு 9, ஆக −5 வந்திருக்கும். பொலாரிஸ் முறைப்படி அது கூடுதல் ஆபத்து நிலை, வேகம் மணிக்கு 3 கடல் மைலுக்குள் இருக்க வேண்டும். உண்மைக் கடலில் இந்தப் பிழை கப்பலின் அடித்தகட்டைக் கிழித்துவிடக்கூடும்.

அதன்பின் நாள்தோறும் பத்து முட்டைகளைக் கையால் வரைந்து, கணக்கைத் தொடுமுன் புள்ளிகளை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். நிதானமாகப் படிப்பவர்களுக்கே இது ஒத்துவரும்.

மற்றவை:
- திறந்த நீரின் பங்கை விடாதீர்கள்; ஒவ்வொரு பங்குக்கும் 3 உண்டு.
- மீட்பு வந்துசேரும் காலத்தை 5 நாளுக்குக் குறைவாகக் கொள்ளக்கூடாது.
- துருவச் சேவை வெப்பநிலை, அதாவது கப்பல் தாங்குவதாகக் குறிக்கப்படும் குளிரளவு, செல்லும் பகுதியிலும் பருவத்திலும் நாளின் தாழ்வெப்பச் சராசரிகளில் மிகக் குறைந்ததைவிடக் குறைந்தது 10 டிகிரி கீழே இருக்க வேண்டும்.
- பனி உடைக்கும் கப்பலின் துணையுடன் செல்வதாகத் திட்டமிடும்போது பொலாரிஸ் கூட்டுத்தொகையோடு 10 கூட்டலாம். களத்தில் அது உடைத்த தடத்தில் மிதக்கும் பனியைக் கண்ணால் பார்த்தே கணக்கிட வேண்டும்.